தண்டியடிகளின் கயிறு



சைவர்களாகிய எம்மிடம் கண் என்ற சொல்லைச் சொன்னவுடன் நினைவுக்கு வருபவர் கண்ணப்ப நாயனார். தமது கண்ணைத் தோண்டி இறைவனுக்கு அப்பிய அந்த அன்பின் கதையை அறியாத பிள்ளை எமது ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பில் இல்லை. ஆனால் அறுபத்து மூன்று நாயன்மாருள் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் இருக்கின்றார். திருவாரூரிற் பிறந்த தண்டியடிகள் நாயனாரைத்தான் சொல்கின்றேன். அவரது குருபூசைத் தினம் ஆண்டுதோறும் ஓசையின்றி வந்து ஓசையின்றிப் போய்விடுகின்றது. இம்முறை அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, அதிலிருந்து எமது சங்கத்துக்கு வேண்டிய ஒரு விடயத்துக்கு வரலாம் என எண்ணுகின்றேன்.

சேக்கிழார் பெருமான் கூறும் வரலாறு இதுதான். திருவாரூர்க் கோயிலுக்கு மேற்கே இருந்த திருக்குளம் நாலாபுறமும் ஒடுங்கிப் பரப்புக் குறைந்து கிடந்தது. அதைத் தோண்டிப் பெருப்பிக்க வேண்டும் என்று தண்டியடிகள் ஆசை கொண்டார். கண் தெரியாதவர் குளம் தோண்டுவது எப்படி? மண் வெட்டும் இடத்தில் ஒரு தறி நட்டார். மண் கொட்டும் கரையில் இன்னொரு தறி நட்டார். இரண்டுக்கும் இடையில் ஒரு கயிற்றைக் கட்டினார். கூடையில் மண்ணை எடுத்து, கயிற்றைத் தடவிக்கொண்டே கரைக்குப் போய்க் கொட்டினார். அதையே தடவிக்கொண்டு திரும்பி வந்தார். அவரை எதிர்த்தவர்கள் ஒரு நாள் வந்து, மண்வெட்டியையும் கூடையையும் பறித்து, தறிகளையும் பிடுங்கி எறிந்தார்கள். பின்னர் இறைவன் அருளால் அவர் பார்வை பெற்றார் என்பது கதையின் முடிவு.

பிரசங்கம் செய்வோர் அந்த முடிவையே விரித்துச் சொல்வது வழக்கம். அது சரியே. ஆயினும் வைத்தியத் தொழிலில் இருக்கும் எனக்கு, இந்தக் கதையில் மனம் போய் நிற்பது அந்தக் கயிற்றின் மேல். பார்வை கிடைப்பதற்கு முன்னரே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். "கண் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று அவர் மூலையில் உட்காரவில்லை. தம்மிடம் எஞ்சியிருந்த தொடு உணர்வையும் நடையையும் கொண்டு செய்யக் கூடிய ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அதுவும் தமக்காக அன்று, ஊரார் எல்லோருக்கும் பயன்படும் குளத்துக்காக. சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றிலும் இந்த ஒழுங்கைக் காணலாம். திருவொற்றியூரை விட்டு நீங்கியபோது அவர் இரு கண்களையும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் இறைவன் அவருக்கு முதலிற் கொடுத்தது ஊன்றுகோல். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் பின்னர்தான் கிடைத்தன. அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டே அவர் தலந்தலமாக நடந்தார், பாடினார்.

நிற்க. இந்நாட்டில் எம்மவரிடையே வயது முதிர்ந்தோர் தொகை பெருகி வருகின்றது. அவர்களோடு கண் நோய்களும் வருகின்றன. பார்வை இழப்பு என்றால் முழு இருட்டு என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பார்வை இழந்தோர் எனப் பதியப்பட்டவர்களிற் பெரும்பாலோருக்கு ஏதோவோர் அளவு பார்வை எஞ்சியிருக்கும். ஆனால் எது போய், எது எஞ்சியது என்பது நோய்க்கு நோய் வேறுபடும்.

கண்ணின் பின்புறத் திரையின் நடுப்புள்ளி தேய்வதை மாக்குலர் தேய்வு என்போம். இது முதுமையில் வருவது. நடுப் பார்வை போய்விடும்; ஓரப் பார்வை நிற்கும். இவர் தடையில்லாமல் நடந்து வருவார், கீழே கிடக்கும் ஊசியைக் கூடச் சில வேளை காண்பார். ஆனால் உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. "கண்டும் காணாதவர் போலப் போகிறார், பெருமை வந்துவிட்டது" என்று நாம் குறை சொல்லும் சிலர் உண்மையில் இந்த நோயாளிகள். கிளக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் பெரும்பாலும் இதற்கு மறுதலை. ஓரப் பார்வை முதலிற் போகும். இவர் பத்திரிகையின் சிறிய எழுத்தை வாசிப்பார். ஆனால் பக்கத்தில் நிற்கும் கதிரையில் இடிபடுவார். அவரை வீட்டார் "கவனமில்லாதவர்" என்று ஏசுவார்கள். நீரிழிவினால் வரும் விழித்திரை நோயில் பார்வை திட்டுத் திட்டாக மறையும். ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் இருக்கும். "நேற்றுத் தெரிந்தது இன்றைக்கு எப்படித் தெரியாமற் போகும்?" என்று கேட்பவர்கள் இதை அறியவேண்டும்.

என் பெரியம்மாவைப் பற்றி இங்கே எழுத அவரிடமே சம்மதம் கேட்டேன். "எழுது தம்பி, ஆனால் பேர் போடாதே" என்றார். அவருக்கு இப்போது 81 வயது. மகளுடன் வசிக்கின்றார். மாக்குலர் தேய்வில் ஊசி மருந்துக்கு இடமுள்ள ஈர வகை ஒன்றும், உலர் வகை ஒன்றும் உண்டு. அவருக்கு வந்தது உலர் வகை. நாலைந்து ஆண்டுகளுக்குள் எழுத்து மறைந்தது, பின் முகங்கள் மறைந்தன.

பெரியம்மா ஊரில் இருந்த காலந்தொட்டு மாலை கட்டுவதில் பேர் பெற்றவர். இங்கு வந்த பிறகும், மல்லிகைக்குப் பதிலாகச் செவ்வந்தியும் கார்னேஷனும் கொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்பாளுக்கு ஒரு மாலை கட்டிக் கொண்டுவருவார். பார்வை மங்கத் தொடங்கியதும் வீட்டில் என்ன நடந்தது? முதலில் கத்திரிக்கோலை எடுத்து வைத்தார்கள். பிறகு அடுப்பங்கரைக்குள் வரவேண்டாம் என்றார்கள். பிறகு தேநீரைக் கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். "அம்மா, நீங்கள் பேசாமல் இருங்கோ, நாங்கள் பார்க்கிறம்." இது அத்தனையும் அன்பினாற் செய்தது, குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒரு நாள் அவர் என்னிடம், "தம்பி, என்ர கண்தான் போனது. கை போகேல்லை. இவையள் கையையும் கட்டிப் போட்டினம்" என்றார். தண்டியடிகளின் தறியைப் பிடுங்கியவர்கள் பகைவர்கள். நாம் அதே காரியத்தைப் பாசத்தினாற் செய்துவிடுகிறோம்.

அவர் கோயிலுக்கு வருவதும் நின்றது. வெள்ளைக் கோல் பிடிக்க மாட்டேன் என்றார். காரணம் கேட்டேன். பேத்திக்குக் கலியாணப் பேச்சு நடக்கும் காலம். "பரம்பரைக் கண் நோய் உள்ள குடும்பம்" என்று சொல்லிவிடுவார்களே என்பது அவரது பயம். எம் சமூகத்தை அறிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். கோலைக் காட்டாமல் இருப்பதற்காக அவர் வாழ்க்கையையே வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

இன்னொன்றையும் அவர் ஒளித்து வைத்திருந்தார். மாலை வேளைகளில் அறைக்குள் பட்டுப் பாவாடை கட்டிய சின்னப் பிள்ளைகள் வரிசையாக நிற்பது தெரிகின்றது, பேசுவதில்லை, சிறிது நேரத்தில் மறைந்துவிடுகின்றனர். தமக்குப் புத்தி பேதலித்துவிட்டது அல்லது ஏதோ பேய் பிசாசு என்று எண்ணி, மகளுக்குக் கூடச் சொல்லாமல் இருந்தார். இதற்குச் சார்ல்ஸ் பொனே நோய்க்குறி என்று பெயர். 1760 ஆம் ஆண்டில் பொனே என்ற சுவிஸ் அறிஞர், பார்வை மங்கிய தமது பாட்டனார் கண்ட உருவங்களைப் பற்றி எழுதி வைத்தார். கண்ணிலிருந்து செய்தி வருவது குறைந்ததும், மூளை தன்னிடம் உள்ளதைக் கொண்டு தானே படங்களை வரைகின்றது. இது மனநோய் அன்று, மறதி நோயும் அன்று, செய்வினையும் அன்று. பலருக்குக் காலப்போக்கிற் குறையும். விளக்கைப் போடுவதும், கண்ணை இடமும் வலமும் சில முறை அசைப்பதும் உருவத்தை மறையச் செய்வதுண்டு. இருந்தாலும் வைத்தியரிடம் சொல்லி உறுதிப்படுத்திக் கொள்ளவேண்டும். இதை விளக்கிச் சொன்னபோது பெரியம்மா அழுதார். அந்த இரண்டு வருடப் பயம் அன்றுதான் அவரை விட்டுப் போயிற்று.

கண் வைத்திய நிபுணர் அத்தாட்சிப் பத்திரத்தில் ஒப்பமிட்டு, நகரசபைப் பதிவேட்டில் பெயர் ஏறிய பின்னர், பயிற்சியளிக்கும் ஊழியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரோடு, தொண்டர் அமைப்பு ஒன்றைச் சேர்ந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவரும் வந்தார். அவரும் பார்வை இழந்தவர்; கையில் நீண்ட வெள்ளைக் கோல்; வயது எழுபதுக்கு மேல். பேத்தி மொழிபெயர்க்க இருந்தாள். பெரியம்மா முதலிற் கேட்ட கேள்வி, "இவ தேத்தண்ணி எப்பிடிப் போடுறவ?" என்பதே. அந்தப் பெண்மணி பதில் சொல்லவில்லை. எழுந்து, தடவித் தடவி அடுப்பங்கரைக்குப் போய், இருவருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். கப்பின் விளிம்பில் ஒரு சிறு கருவியைக் கொழுவிவிடுவார். தண்ணீர் மேலே வந்ததும் அது கீச்சிடும். வைத்தியர்கள் பல மாதங்களாகச் சொன்ன ஆறுதலால் ஆகாதது அந்த ஒரு கப் தேநீரால் ஆயிற்று.

பின்னர் நடந்தவை எல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். அடுப்பின் திருகிலும் சலவை இயந்திரத்திலும் மேடான சிறு பொட்டுகளை ஒட்டினார்கள். வெள்ளைப் பீங்கானில் வெள்ளைச் சோறு தெரியாது; கருநீலப் பீங்கான் வாங்கியதும் எஞ்சிய பார்வைக்குச் சோறு தெரிந்தது. சாப்பாட்டை மணிக்கூடு போலச் சொல்லிக் கொடுத்தார்கள்: ஆறு மணியிற் சோறு, பன்னிரண்டில் பருப்பு, மூன்றில் கத்தரிக்காய். காசுத் தாள்களைத் தொட்டறியப் பழகினார். 10 பவுண் தாளின் மூலையில் மேடான புள்ளிகள் இரண்டு கூட்டமாக இருக்கும். 20 பவுண் தாளில் மூன்று கூட்டம். 50 இல் நான்கு. 5 பவுண் தாளில் இல்லை. உண்டியலில் தாம் போடுவது எவ்வளவு என்று இப்போது அவருக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. "தம்பி, றோட்டுக் கடக்கிற இடத்திலை பொத்தான் பெட்டிக்குக் கீழே ஒரு சின்னக் கூம்பு இருக்கு, தெரியுமோ?" என்று ஒரு நாள் என்னைக் கேட்டார். தெருவோரத்தில் போய்த் தடவிப் பார்த்தேன். பச்சை மனிதன் எரியும்போது அந்தக் கூம்பு சுழல்கின்றது. பல ஆண்டுகளாக இந்நாட்டுத் தெருக்களைக் கடந்துவரும் எனக்கு அதைக் கற்பித்தவர், கண் தெரியாத என் பெரியம்மா.

கோலையும் ஏற்றுக்கொண்டார். "வழி தடவிப் போகும் நீண்ட கோல் ஒன்று, பிறர் அறிவதற்காக மட்டும் கையில் வைத்திருக்கும் சின்னக் கோல் இன்னொன்று. சின்னக் கோலோடு தொடங்குங்கள்" என்று அந்தப் பெண்மணி வழி சொன்னார். பேத்தியின் சம்பந்தம் நல்லபடி நடந்தேறியது. அந்தக் கோல் கலியாண மண்டபத்திலும் இருந்தது. கோலில் சிவப்பு வளையங்களும் இருந்தால் அவருக்குக் காதும் கேளாது என்பது பொருள். இதையும் யாவரும் அறிந்துகொள்வது நன்று.

ஏன் பார்வையுள்ள நிபுணரை விட, பார்வை இழந்த ஒருவரின் வார்த்தைக்கு இத்தனை வலிமை? இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினால் அது புதுமையன்று எனத் தெரியும். பார்வையற்றோர்க்கு உதவிய பெரும் கண்டுபிடிப்புகள் பலவற்றைச் செய்தவர்கள் பார்வையற்றோரே. லூயி பிரெய்லி 1809 இல் பாரிசுக்கு அருகே கூவ்ரே என்னும் ஊரில் ஒரு சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவி ஒன்று கண்ணில் ஏறி, அடுத்த கண்ணுக்கும் நோய் பரவிப் பார்வை போயிற்று. இராணுவ அதிகாரி சார்ல்ஸ் பார்பியே, இருட்டிலும் விரலால் வாசிக்கக் கூடிய புள்ளி எழுத்து முறை ஒன்றை வகுத்திருந்தார். அதில் ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டும். விரல் நுனிக்குள் அடங்காது. பதினைந்து வயதுச் சிறுவனான பிரெய்லி அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். அவரது முறை 1829 இல் நூலாக வெளிவந்தது. தாம் படித்த பள்ளியிலேயே ஆசிரியராக இருந்து, 1852 இல் 43 ஆவது வயதிற் காலமானார். அவர் மறைந்த பின்னர், 1854 இலேதான் அந்தப் பள்ளி அவரது முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது.

இங்கிலாந்தில் வில்லியம் மூன் என்பவர் 1840 அளவில், இருபதுகளின் தொடக்கத்தில், முழுப் பார்வையையும் இழந்தார். பிரைற்றன் நகரில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். முதுமையிற் பார்வை இழந்தோரின் விரல்களுக்கு நுட்பமான எழுத்து முறைகள் எளிதிற் பிடிபடுவதில்லை. ஆங்கில எழுத்தின் வடிவையே எளிமையாக்கி, 1845 இல் மூன் எழுத்து என்பதை அவர் உருவாக்கினார். அடுத்தவர் ஒரு வைத்தியர் என்பதால் எனக்கு அவர்பால் தனி மதிப்பு உண்டு. தோமஸ் ஆர்மிற்றேஜ் இலண்டனில் வைத்தியராக இருந்தவர். பார்வை மங்கியதால் தொழிலைக் கைவிட நேர்ந்தது. 1868 இல் தம்மைப் போன்ற பார்வையற்ற நண்பர்கள் சிலரைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். அக்காலத்தில் வெவ்வேறு மேட்டெழுத்து முறைகள் போட்டியிட்டன; எது சிறந்தது என்று கண் தெரிந்தவர்களே வாதிட்டுக் கொண்டிருந்தனர். விரலால் வாசிப்பவர்களே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்று ஆர்மிற்றேஜ் விதி வகுத்தார். அவர்கள் ஆராய்ந்து பிரெய்லி முறையைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தச் சிறிய சங்கமே இன்று ஆர்.என்.ஐ.பி. என நாம் அறியும் பெரிய நிறுவனம். 1935 இல் பேசும் நூல்களைத் தொடங்கியதும் அதுவே.

இந்த வரலாறு எமது தமிழையும் வந்து தொடுகின்றது. டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையைத் தொடங்கிய ஆதர் பியர்சன் கிளக்கோமாவினால் பார்வை இழந்தார். 1915 இல், போரிற் கண்ணிழந்த வீரர்களுக்கென்று இலண்டனில் சென் டன்ஸ்ரன்ஸ் என்னும் பயிற்சி நிலையத்தை ஆரம்பித்தார். பயிற்சி முடித்தவர்களையே புதிதாக வந்தவர்களுக்கு ஆசிரியர்களாக வைத்தார். அங்கே வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர் நியூசிலாந்தைச் சேர்ந்த குளுத்தா மக்கென்சி. 1915 ஓகஸ்டில் கலிப்போலிப் போரில் கண்ணிழந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவுக்கு வந்து, டேராடூனில் கண்ணிழந்த இந்திய வீரர்களுக்குப் பயிற்சியளித்தார். இந்திய மொழிகளுக்கு அந்நாளில் பல பிரெய்லி முறைகள் இருந்து ஒன்றோடொன்று பொருந்தாமல் குழப்பின. அவற்றை ஒன்றாக்கும் முயற்சியில் அவரும் ஈடுபட்டார்; பின்னர் யுனெஸ்கோவின் பிரெய்லிப் பணிகளுக்குத் தலைமை தாங்கினார். 1951 இல் பாரதி பிரெய்லி என்ற பொது முறை உருவாயிற்று. அதன்படி தமிழின் ககரத்துக்கும் இந்தியின் ககரத்துக்கும் ஒரே புள்ளிகள்தாம். ஒருவர் கண்ணிழந்து, கற்று, மற்றவருக்குக் கற்பித்து, அவர் இன்னொருவருக்குக் கற்பித்த அந்தத் தொடரின் ஒரு கண்ணியில் தமிழும் இருக்கின்றது.

எமது சங்கத்திலும் அத்தகைய ஒரு சிறு தொடர் உண்டாகியிருக்கின்றது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே. எமது கோயிலில் நெடுங்காலம் பண்ணோடு திருமுறை ஓதிவந்த மூத்த அன்பர் ஒருவர், கிளக்கோமா முற்றியதால் புத்தகத்தைப் பார்க்க இயலாமல், சென்ற வருடம் ஓதுவதை நிறுத்திவிட்டார். பலர் போய் அழைத்தோம், மறுத்துவிட்டார். பெரியம்மா தொலைபேசியில் அவரோடு பேசினார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணை, உங்களுக்குப் பாடமாய் எத்தினை பதிகம் வரும்?" என்று மட்டும் கேட்டார். அவர் தெரியாது என்றார். "எண்ணிப் பாத்துச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டார். மூன்றாம் நாள் அன்பர் தாமாகவே தொலைபேசி எடுத்து, முழுமையாக வருபவை 43 என்றார். புத்தகம் இல்லாமல் ஓதக்கூடிய பதிகம் நாற்பத்து மூன்று உடைய ஒருவர், தம்மால் இனி எதுவும் இயலாது என்று மூலையில் இருந்திருக்கிறார்!

எம் முன்னோர் கல்வியைக் கேள்வி என்றனர். வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வகுத்தார். வேதமும் திருமுறையும் வாயாற் சொல்லிக் காதாற் கேட்டு நின்றவை. இப்போது அந்த அன்பர் ஞாயிறு வகுப்பில் எட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகமின்றிப் பண் சொல்லிக் கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகளிற் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஆகவே அவர்களுக்கு ஏற்ற ஆசிரியர் அவரே. பெரியம்மாவோ வெள்ளிக்கிழமைகளில் இரண்டு இளம்பெண்களுக்கு மாலை கட்டப் பழக்குகிறார். வியாழன் மாலையில், பார்வை மங்கிய ஐந்து தமிழ்த் தாய்மாருடன் தொலைபேசியில் பேசுகிறார். அடுப்புத் திருகு, மருந்துப் போத்தல், தமிழிலும் எழுத்தை வாசித்துச் சொல்லும் கைத்தொலைபேசி என்று பேச்சு நீளும். பார்வை திரும்பவில்லை; மேலும் சிறிது குறைந்தும் இருக்கின்றது. துக்கம் வரும் நாட்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "நான் இனி என்னத்துக்கு?" என்று அவர் கேட்பதை நான் இப்போது கேட்பதில்லை.

இனி, அங்கத்தவர்களாகிய நாம் செய்யக் கூடியவை சில. முதலாவது, கோயில் வாசலில் செருப்புகளை வழியிற் கழற்றிவிட்டுப் போவதை நிறுத்துவோம். பார்வை குறைந்தவருக்கு எமது வாசலில் உள்ள பெரும் ஆபத்து அதுவே. படிகளின் விளிம்பில் மஞ்சட் பட்டை பூசும்படி நிர்வாக சபையை வேண்டுகின்றேன். இரண்டாவது, அவரைக் கண்டால் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். "நான் ஆர் எண்டு சொல்லுங்கோ பார்ப்பம்" என்று கேட்கும் விளையாட்டு எமக்கு வேடிக்கை, அவருக்கு அவமானம். போகும்போது போகிறேன் என்று சொல்லுங்கள். இல்லையேல் வெறும் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். மூன்றாவது, அவர் கையைப் பிடித்து இழுக்காமலும் முதுகிற் கைவைத்துத் தள்ளாமலும், உங்கள் முழங்கையை அவர் பிடிக்கக் கொடுத்து, அரை அடி முன்னே நடவுங்கள். கற்பூரத் தட்டைக் கொண்டுவரும்போது, "அம்மா, தீபம்" என்று வாயாற் சொல்லுங்கள். நான்காவதே முக்கியமானது. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். மாலை கட்டவோ, பிரசாதப் பொதி செய்யவோ, பிள்ளைகளுக்குக் கதை சொல்லவோ, வீட்டில் முடங்கிய ஒருவருடன் தொலைபேசியிற் பேசவோ அவரால் முடியும். "சும்மா இருங்கோ" என்பதை உபசாரமாக எண்ணாதீர்கள்.

வைத்தியன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 60 வயதானவர்களுக்கும், பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ பிள்ளைகளுக்கோ கிளக்கோமா இருந்தால் 40 வயதிலிருந்தும், கண் பரிசோதனை இலவசம். நீரிழிவு உள்ள 12 வயதுக்கு மேற்பட்ட யாவருக்கும் விழித்திரைப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். அந்தக் கடிதத்தைத் திறக்காமல் மேசையில் வைத்துவிடாதீர்கள். நேர்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, பார்வை திடீரென மாறினாலோ, அன்றைக்கே வைத்தியம் நாடுங்கள். பார்வை குறைந்துவிட்டது என்று உறுதியானால், அத்தாட்சிப் பத்திரத்துக்கும் பதிவுக்கும் வெட்கப்படாதீர்கள். பயிற்சிக்கும் உபகரணங்களுக்கும் சலுகைகளுக்கும் அது வழி திறக்கும்.

பார்வை குறைந்த அன்பர்களோ அவர்களது குடும்பத்தினரோ வியாழன் தொலைபேசி வட்டத்தில் சேர விரும்பினால், சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். விபரம் வெளியே போகாது. உதவி வேண்டுவோர் மட்டுமன்றி, பார்வை இழந்து பழகி, பிறருக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடியவர்களும் வேண்டும். அவர்கள்தாம் அதிகம் வேண்டும். மாசி மாதத்தில் முதியோர் தினத்தன்று பெரியம்மாவும் அந்த அன்பரும் மண்டபத்தில் இருப்பார்கள். தேநீர் அவர்கள் கையால்.

ஆரூரன் திருவருள் யாவருக்கும் துணை நிற்பதாக.